எண்பித்தற் சுமை: செயற்கைக் கால்களும் சமபோட்டியும் – ஒரு வரலாற்று நோக்கு

2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் தனது போட்டி விதிகளுள் புதியதோர் உபவிதியைச் சேர்த்துக்கொண்டது. சுருளிவில், சக்கரம் ஆகியவற்றையோ, பயன்படுத்தாதவரிலும் பார்க்கப் பயன்படுத்துபவருக்கு அனுகூலம் அளிக்கும் வேறெந்த அம்சத்தையுமோ கொண்ட தொழினுட்பச் சாதனங்கள் போட்டிகளிலே தடைசெய்யப்படும் என்பதே அதன் சாரம். விதி பொதுவானது, எவருடைய பெயரும் அதில் இடம்பெறவில்லை. எனினும், முழங்காலுக்குக் கீழே இரு கால்களும் அற்ற தென்னாபிரிக்க இளைஞர் ஒருவர், காபன் நாராலான செயற்கைக் கால்களை அணிந்து, இயல்பான கால்களையுடையோருடன் 400 மீற்றர் ஓட்டத்திலே போட்டியிடத் தொடங்கியிருந்த வேளையிலேயே அவ்விதி பிறந்தது. ஒஸ்கார் பிஸ்ரோறியஸ் என்னும் அவ்விளைஞரை மனத்திற்கொண்டு அது இயற்றப்படவில்லை என்று சம்மேளனம் கூறியது. ஆயினும், அவ்வாண்டு முடிவதற்கு முன்னரே அவ்விதியின் கீழ் ஆய்வுகூடத்துக்கு அழைக்கப்பட்டவர் அவரே.

வலுவிழந்த விளையாட்டு வீரர் ஒருவர் பயன்படுத்தும் சாதனம் அவருடைய குறையை ஈடுசெய்கின்றதா, அன்றி அவரை ஏனையோருக்கு மேலாக உயர்த்திவிடுகின்றதா என்பது இன்று உயிர்ப்பொறியியலாளராலும் சட்டவறிஞராலும் பெரிதும் ஆராயப்படும் வினாவாகும். அவ்வினாவுக்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்விடையைத் தேடித்தர வேண்டியவர் யார் என்பதே ஈண்டு நோக்கப்படுகின்றது. அனுகூலம் உண்டு என்று கூறும் ஆட்சிமன்றமா? இல்லை என்று கூறும் வீரரா? நீதிமன்றங்களில் எண்பித்தற் சுமை எனப்படும் இப்பொறுப்பு, ஒரு நூற்றாண்டுக் காலத்தில் ஒருவர் தோளிலிருந்து மற்றவர் தோளுக்கு மாறிய வரலாறு, விளையாட்டு நீதி என்று நாம் வழங்கும் கருத்தின் உட்கிடையை விளக்குவதற்குப் பெரிதும் உதவுவதாகும்.

செயற்கைக் காலுடன் ஒருவர் உலகப் போட்டிகளிற் பங்குபற்றியது பிஸ்ரோறியஸின் காலத்திலேதான் முதன்முதலாக நிகழ்ந்தது எனக் கருதுவது தவறு. 1904ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவில், ஜேர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஜோர்ஜ் ஐசர் என்பார், இடது காலுக்குப் பதிலாக மரக்கால் பொருத்தியவராய், உடற்பயிற்சி விளையாட்டுகளிற் கலந்துகொண்டு ஒரே நாளில் ஆறு பதக்கங்களை வென்றார். அவற்றுள் மூன்று தங்கம். அம்மரக்காலை அளந்து பார்ப்பதற்கான விதி எதுவும் அன்று இருக்கவில்லை. அவர் தங்கம் வென்ற போட்டிகளுள் ஒன்று கயிறேறுதல் என்பதையும், அப்போட்டியில் ஒரு காலின் நிறை குறைந்திருப்பது உதவியாகவும் இருந்திருக்கக்கூடும் என்பதையும் எண்ணும்போது, நூறாண்டுகளின் பின்னர் எழுந்த வாதங்கள் அனைத்தையும் அன்றே எழுப்பியிருக்கலாம் என்பது புலனாகும். மரக்கால் என்பது இழப்பின் அடையாளமாக மாத்திரமே கருதப்பட்டமையால் அவ்வாறு நிகழவில்லை போலும்.

வலுவிழந்தோருக்கெனத் தனியான விளையாட்டு இயக்கம் தோன்றியதற்குப் போரே களம் அமைத்தது. நாசிகளின் கொடுமைக்குத் தப்பி 1939இல் பிரித்தானியாவை வந்தடைந்த யூத நரம்பியல் மருத்துவரான லுட்விக் குட்மன், 1944இல் ஸ்ரோக் மன்டெவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டு காயமுற்றோருக்கான நிலையத்தைத் தொடக்கினார். அக்காலத்திலே முள்ளந்தண்டு முறிந்தவர் படுக்கையிலேயே மாள வேண்டியவராகக் கருதப்பட்டனர். குட்மன் அவர்களை எழுப்பி அமர்த்தினார். பந்தும் வில்லும் கொடுத்தார். உழைத்து வாழும் பிரசைகளாகச் சமூகத்துக்கு மீளளிக்க முயன்றார். 1948 யூலை 29ஆந் திகதி, லண்டன் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், சக்கர நாற்காலியில் அமர்ந்த முன்னாட் படையினர் 16 பேர் அவ்வைத்தியசாலை மைதானத்தில் வில்வித்தைப் போட்டி நடத்தினர். 1960இல் ரோம் நகரில் நடைபெற்றதும், பிற்காலத்தில் முதலாவது பராலிம்பிக் எனக் கொள்ளப்பட்டதுமான விழாவுக்கு வித்து இதுவே. இவ்வியக்கத்தின் தொடக்ககாலத்திலே சாதனம் பற்றிய சர்ச்சைக்கு இடமிருக்கவில்லை. சிகிச்சையின் ஓர் அங்கமாகவே விளையாட்டு கொள்ளப்பட்டது. சிகிச்சையில் எவரும் எவரையும் முந்துவதில்லை.

இரு உலகங்களும் சந்தித்த இடங்களிலேயே வினா முளைவிடத் தொடங்கியது. 1975இல் பொப் ஹோல் என்பவர் பொஸ்ரன் மரதன் ஓட்டத்திலே சக்கர நாற்காலியுடன் பங்குபற்ற அனுமதி கோரியபோது, மூன்று மணித்தியாலங்களுக்குள் தூரத்தைக் கடந்தாற் சான்றிதழ் வழங்கப்படும் என்று ஏற்பாட்டாளர் கூறினார். அவர் 2 மணி 58 நிமிடத்திற் கடந்தார். அன்று சக்கர நாற்காலி ஓட்டத்துக்கு இடையூறு. ஆகவே அதன் வேகத்தை அவர் நிறுவிக்காட்ட வேண்டியிருந்தது. பின்னர் நாற்காலி மூன்று சக்கரம் பெற்று நீண்டு தாழ்ந்து, பந்தய வண்டியாக மாறியது. 2021இல் யப்பானின் ஒயிற்றா நகரில் சுவிற்சர்லாந்தின் மார்சல் ஹூக் மரதன் தூரத்தை 1 மணி 17 நிமிடம் 47 செக்கனிற் கடந்தார். 2023இல் கெல்வின் கிப்ரம் தம் கால்களால் ஓடி ஏற்படுத்திய உலக சாதனையோ 2 மணி 35 செக்கன். இவ்வளவு வேறுபாடு இருந்தும் இதனை அநீதி என எவரும் கூறுவதில்லை. ஒரே வீதியில் ஓடினாலும் அது வேறு போட்டி, வேறு பட்டியல். தனித்தனி அறைகளில் இருத்தப்பட்டவர்களிடையே வழக்கு எழுவதில்லை.

1984இல் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் விழாவில் நியூசிலாந்து வீராங்கனை நெறோலி பெயர்ஹோல் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியிற் கலந்துகொண்டார். இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த ஒருவர் ஒலிம்பிக்கிற் பங்குபற்றியது அதுவே முதற்றடவை. இரண்டாண்டுகளுக்கு முன்னர் பிரிஸ்பேனில் நடைபெற்ற பொதுநலவாய விளையாட்டு விழாவில் அவர் தங்கம் வென்றிருந்தார். வென்றதன் பின்னரே, அமர்ந்திருந்து எய்வது நின்று எய்வதிலும் பார்க்க உறுதியானதல்லவா என்ற ஐயம் கிளம்பியது. தாம் ஒருபோதும் நின்று எய்ததில்லையாதலால் அதுபற்றித் தமக்குத் தெரியாது என்று அவர் விடையளித்ததாகக் கூறப்படுகின்றது. விளையாட்டாகச் சொல்லப்பட்ட இவ்விடையில் ஆழமானதோர் உண்மை உண்டு. ஒப்பிடுவதற்கு இன்னோர் உடல் வேண்டும். அவ்வின்னோர் உடல் அவரிடம் இல்லை. ‘காலுள்ள பெயர்ஹோல்’ எவ்வாறு எய்திருப்பார் என்பதை எந்த ஆய்வுகூடமும் அளந்து கூற இயலாது.

இவ்வினா முதன்முதலிற் பெரியதொரு நீதிமன்றத்தின் படியேறியது கொல்வ் விளையாட்டின் காரணமாகவேயாம். அமெரிக்கக் கொல்வ் வீரர் கேசி மார்ட்டின் வலது காலில் இரத்தவோட்டக் குறைபாடு உடையவர். நெடுந்தூரம் நடப்பது அவருக்கு வேதனையும் ஆபத்துமாகும். குழிக்குக் குழி செல்வதற்குச் சிறு வண்டியைப் பயன்படுத்த அவர் அனுமதி கேட்டார். தொழில்முறைக் கொல்வ் சங்கம் மறுத்தது. நடந்து களைப்படைவதும் ஆட்டத்தின் ஒரு பகுதியே என்பது சங்கத்தின் வாதம். 2001ஆம் ஆண்டு மே மாதம் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 7க்கு 2 என்னும் பெரும்பான்மையால் மார்ட்டினுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பந்தைக் கோலால் அடித்துக் குழிக்குள் வீழ்த்துவதே கொல்வின் சாரம், நடை அன்று என நீதிமன்றம் கொண்டது. வண்டியிற் சென்றாலும் மார்ட்டின் படும் களைப்பு ஏனையோர் நடந்து படும் களைப்பிலும் அதிகம் என்ற கண்டறிதலையும் அது ஏற்றது. ஒரு விளையாட்டின் சாரம் யாது என்பதை நீதியரசர்கள் தீர்மானிப்பதா என்று எதிர்த்தீர்ப்பு எழுதியவர் எள்ளினார். அவ்வெள்ளலிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆயின், கொல்விற் காலைப் புறத்தே ஒதுக்கிவிடலாம். ஓட்டத்தில் அது முடியுமா?

இவ்விடத்தில் ஓட்டத்துக்குரிய காலின் கதையைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். 1976இல் நீர்ச்சறுக்கு விபத்தொன்றில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர் வான் பிலிப்ஸ் என்னும் அமெரிக்க மாணவர். அன்று அவருக்குக் கிடைத்த செயற்கைக் கால் மரமும் இறப்பருமாகிய, கால்போன்ற தோற்றத்தை உடைய ஒரு முட்டு மாத்திரமே. காலின் வடிவத்தைப் போலச் செய்வதை விடுத்து, காலின் தொழிலைப் போலச் செய்வதற்கு அவர் முனைந்தார். வானூர்திகளின் உறுப்புகளுக்குப் பயன்பட்ட காபன் நாரை அடுக்கி, அழுத்தும்போது வளைந்து சக்தியைச் சேமித்து, விடும்போது அதனைத் திருப்பியளிக்கும் தகட்டினை ஆக்கினார். 1980களில் விற்பனைக்கு வந்த இக்கால், பின்னர் சிறுத்தையின் பின்னங்காலை ஒத்த வளைவைப் பெற்று, அவ்விலங்கின் பெயரையே சூடிக்கொண்டது. 2000ஆம் ஆண்டில் ஐஸ்லாந்து நாட்டின் ஒசூர் கம்பனி அதன் உரிமையை வாங்கியது. ஈண்டு ஒன்றை மனங்கொள்ள வேண்டும். இத்தகட்டுக்காலில் இயந்திரம் எதுவும் இல்லை, மின்கலமும் இல்லை. கொடுத்த சக்தியில் ஒரு பகுதியைத் திருப்பித் தருமேயன்றிப் புதிதாக ஒன்றையும் அது ஆக்குவதில்லை. மனிதக் கணுக்காலோ தசையால் புதுச் சக்தியை ஆக்கவல்லது. அதேவேளை களைப்பும் அடைவது. எது மேலானது என்பது எளிதில் விடைகூறக்கூடிய வினாவன்று.

பிஸ்ரோறியஸ் பதினொரு மாதக் குழந்தையாயிருக்கையில் அவருடைய இரு கால்களும் அகற்றப்பட்டன. 2004இல் ஏதென்ஸ் பராலிம்பிக்கில் 200 மீற்றரிற் தங்கம் வென்றார். 2007 யூலையில் ரோமில் நடைபெற்ற போட்டியொன்றில் இயல்பான வீரர்களுடன் அவர் ஓடியதைச் சம்மேளனம் ஒளிப்படக் கருவிகளாற் பதிவுசெய்து ஆராய்ந்தது. ஏனையோர் தொடக்கத்தில் விரைந்து இறுதியிற் தளர்ந்தனர்; அவரோ தொடக்கத்தில் மிகவும் பின்தங்கி, பின்னரே வேகம் பெற்றார். நவம்பரில் கொலோன் நகரின் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் புறுக்மன் அவரைச் சோதித்தார். அதே வேகத்தில் ஓடும் ஏனையோரிலும் பார்க்க அவர் ஏறத்தாழ 25 வீதம் குறைந்த சக்தியையே செலவிடுகிறார் என்பது முடிவு. 2008 சனவரி 14ஆந் திகதி சம்மேளனம் அவரைத் தடைசெய்தது.

பிஸ்ரோறியஸ் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுத்தீர்ப்பு மன்றத்தை நாடினார். அமெரிக்க விஞ்ஞானிகள் குழுவொன்று ஹூஸ்ரன் நகரிலே அவரைச் சோதித்து மாறான முடிவுகளை முன்வைத்தது. அவ்வாண்டு மே 16ஆந் திகதி வெளிவந்த தீர்ப்பு ஏகமனதானது, தடை நீக்கப்பட்டது. தீர்ப்பின் நுட்பமே ஈண்டு முக்கியமானது. தகட்டுக்கால் அனுகூலம் தரவில்லை என்று மன்றம் கூறவில்லை. அனுகூலம் உண்டென்பதைச் சம்மேளனம் எண்பிக்கவில்லை என்றே கூறியது. கொலோன் சோதனை, வீரர் முழு வேகத்தில் நேர்கோட்டில் ஓடும் கட்டத்தை மாத்திரமே அளந்தது. புறப்படும்போதும் வேகம் பெறும்போதும் அவருக்கு நேரும் பிரதிகூலம் கணக்கிலெடுக்கப்படவில்லை. அப்பிரதிகூலம் ரோமிலேயே சம்மேளனத்தின் கண்ணுக்குப் புலப்பட்டிருந்தது என்பதை நோக்குமிடத்து, வினா எவ்வாறு அமைக்கப்பட்டதோ அவ்வாறே விடையும் அமைந்தது எனலாம். முழு ஓட்டத்தையும் எடுத்துக்கொண்டு, நன்மையிலிருந்து தீமையைக் கழித்து, எஞ்சும் நிகர அனுகூலத்தையே காட்டவேண்டும் என்பது மன்றம் வகுத்த அளவுகோல். அவ்வாறு காட்ட வேண்டியவர் தடைவிதிப்பவரே.

விஞ்ஞானிகளும் இதனோடு ஓயவில்லை. ஹூஸ்ரனில் ஒன்றுசேர்ந்து சோதனை நடத்திய குழுவினரே 2009இல் இரு கூறாகப் பிரிந்தனர். தகட்டுக்கால் இலேசானதாகையால் அதனை மிக விரைவாக வீச முடிகிறது, அதனால் பல செக்கன்கள் மிச்சமாகின்றன என்றனர் ஒரு சாரார். நிலத்தை உந்தும் விசை குறைந்துவிடுவதால் அது ஈடாகிவிடுகிறது என்றனர் மற்றச் சாரார். ஒரே அளவீட்டிலிருந்து இரு முடிவுகள்! 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிஸ்ரோறியஸ் 400 மீற்றர் அரையிறுதி வரை சென்று அங்கே தோல்வியுற்றார். (2013இல் அவர் புரிந்த கொலையும் அதற்கான தண்டனையும் அவருடைய பெயரை வேறொரு வரலாற்றுக்குரியதாக்கிவிட்டன. எனினும், 2008இன் தீர்ப்பு ஒரு மனிதரின் ஒழுக்கம் பற்றியதன்று.)

ஒரு மாதங் கழித்து, செப்ரெம்பர் 2ஆந் திகதி, அதே மைதானத்தில் நடந்தது விசித்திரமானது. பராலிம்பிக் 200 மீற்றர் இறுதிப் போட்டியிலே, அவரைப் போன்று இரு கால்களும் அற்ற பிறேசில் வீரர் அலன் ஒலிவேறா 21.45 செக்கனில் ஓடி முதலிடம் பெற்றார். பிஸ்ரோறியஸுக்கு 21.52. வெற்றிபெற்றவரின் கால்கள் அளவுக்கு மீறி நீண்டவை, போட்டி நீதியானதன்று என்று அவர் உடனேயே கூறினார். சாதனத்தால் அநியாயமாய் வெல்கிறார் என்று நான்காண்டுகளுக்கு முன்னர் தம்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டை அவர் இப்போது இன்னொருவர்மீது சுமத்தினார். ஒலிவேறாவின் கால்கள் விதிக்கு உட்பட்டவை எனப் பராலிம்பிக் குழு அறிவித்தது. கூறிய வேளை தகாதது என்று மறுநாள் அவர் வருத்தம் தெரிவித்தார், முறைப்பாட்டை மீளப்பெறவில்லை.

அம்முறைப்பாட்டை அழுக்காறென்று தள்ளிவிடுதல் பொருந்தாது. ஒரு காலை இழந்தவருக்கு மற்றைய கால் அளவுகோலாகும். செயற்கைக் கால் அதற்கு இணையாகவே அமைய வேண்டும். இரு கால்களையும் இழந்தவருக்கோ அளவுகோல் இல்லை. அவருடைய உயரம் அவரும் கால் செய்பவரும் சேர்ந்து எடுக்கும் தீர்மானம். கால் நீண்டால் எட்டு நீளும். ஆகவே கைநீளம், உடலின் மேற்பகுதி முதலியவற்றை அளந்து, கால்கள் இருந்திருப்பின் எவ்வளவு உயரமாயிருந்திருப்பார் என்பதைக் கணிக்கும் சூத்திரத்தைப் பராலிம்பிக் குழு கையாண்டது. 2018 தொடக்கம் அது மேலும் இறுக்கப்பட்டது. பலர் தமது கால்களைக் குறுக்க வேண்டியவராயினர். பெயர்ஹோலின் விடையில் மறைந்திருந்த அந்த ‘இன்னோர் உடல்’ இப்போது சூத்திரமாக வந்து நிற்கின்றது.

சுமை கைமாறியது 2015இலேதான். அதற்கு முந்திய ஆண்டிலே ஜேர்மன் வீரர் மார்க்குஸ் றேம், வலது காலில் தகட்டுக்கால் அணிந்து, உல்ம் நகரில் நடைபெற்ற தேசியப் போட்டியில் 8.24 மீற்றர் பாய்ந்து, இயல்பான வீரர் அனைவரையும் வென்றார். பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. ஐரோப்பியப் போட்டிக்கான அணியில் இடம் வழங்கப்படவில்லை. மறு ஆண்டு அவர் 8.40 மீற்றர் பாய்ந்தார். லண்டன் ஒலிம்பிக்கிற் தங்கம் வென்ற பாய்ச்சல் 8.31 மீற்றரே. பிஸ்ரோறியஸ் அரையிறுதியிற் தோற்றவர். றேம் தங்கம் வெல்லக்கூடியவர். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்திலேயே விதி மாறியது. சாதனம் தமக்கு நிகர அனுகூலம் அளிக்கவில்லை என்பதை வீரரே எண்பித்தல் வேண்டும் எனச் சம்மேளனம் 2015 ஓகஸ்ற்றில் விதியைத் திருத்தியது. 2016இல் ஜேர்மனி, அமெரிக்கா, யப்பான் ஆகிய நாடுகளின் ஆய்வாளர் இணைந்து றேமைச் சோதித்தனர். ஓடிவருகையில் தகட்டுக்கால் அவரைத் தாமதப்படுத்துகிறது, உந்தியெழுகையில் உதவுகிறது. இரண்டையும் கழித்துப் பார்த்து முடிவு கூற இயலவில்லை என்றனர். 2008இன் நெறி நிலவியிருப்பின் இந்த ‘இயலவில்லை’ றேமை றியோ ஒலிம்பிக்குக்கு அனுப்பியிருக்கும். 2015இன் விதிப்படி அதே சொல் அவரை வீட்டில் நிறுத்தியது. 2021இல் டோக்கியோவுக்குச் செல்ல அவர் செய்த முறையீடும் நடுத்தீர்ப்பு மன்றத்தில் நிராகரிக்கப்பட்டது. 2023இல் அவர் பாய்ந்த தூரம் 8.72 மீற்றர்.

றேம் தாமே செயற்கை உறுப்புகளைச் செய்யும் தொழில் கற்றவர். அவர் உந்தியெழுவது தகட்டுக்காலிலிருந்தே என்பதும் மறைக்கத் தக்கதன்று. 8.72 மீற்றர் என்னும் தூரத்தின் முன்னே நின்று ‘அனுகூலம் இல்லை’ என்று கூறுவதற்குத் துணிவு வேண்டும். நீளப்பாய்ச்சலிற் சம்மேளனத்தின் ஐயம் வெறும் வெறுப்பின் விளைவன்று என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் ஐயத்துக்கு இடமிருப்பது வேறு. ஐயப்பட்டவர் தமது கடமையை ஐயத்துக்குள்ளானவர் தலையில் ஏற்றுவது வேறு.

இதனைத் தெளிவுறக் காண்பதற்கு, அதே ஆண்டுகளில் இயல்பான கால்களையுடைய வீரர்களின் சாதனங்கள் எவ்வாறு நடத்தப்பட்டன என்பதை ஒப்பிடல் நன்று. 2009இல் ரோம் நகரில் நடந்த உலக நீச்சற் போட்டியிலே, பொலியூரிதேன் உடையணிந்தோர் 43 உலக சாதனைகளை ஏற்படுத்தினர். மறு ஆண்டு உடை தடைசெய்யப்பட்டது, சாதனைகள் நிலைத்தன. 2017இல் அடித்தட்டினுள் காபன் தகடு வைத்த ஓட்டச் சப்பாத்தை நைக்கி கம்பனி சந்தைக்குக் கொண்டுவந்தது. நெடுந்தூர ஓட்டச் சாதனைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. 2020 சனவரியில் சம்மேளனம், அப்போது உலக மெய்வல்லுநர் சங்கம் எனப் பெயர் மாற்றப்பட்டது, அடித்தட்டின் தடிப்பு 40 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது, தகடு ஒன்றுக்கு மேல் இருத்தலாகாது என விதித்தது. சப்பாத்துத் தமக்கு அனுகூலம் அளிக்கவில்லை என்று எண்பிக்குமாறு எந்த ஓட்டவீரரும் அழைக்கப்படவில்லை. அச்சப்பாத்து விற்பனையானதே அனுகூலம் அளிக்கும் என்பதற்காகத்தான்! காபன் தகடு பாதத்தின் கீழிருந்தால் அளவு விதிக்கப்படுகின்றது; பாதத்தின் இடத்தில் இருந்தால் வழக்கு விதிக்கப்படுகின்றது. சப்பாத்தை எவரும் வாங்கலாம், காலை வாங்கவியலாதே என்று விடையிறுப்போர் உளர். வலுவான விடைதான். ஆயின் அச்சப்பாத்தை எவரும் வாங்கலாம் என்பது, பணமுடையோர் எவரும் வாங்கலாம் என்பதன் மறுபெயரே.

அதே 2020ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அமெரிக்க வீரர் பிளேக் லீப்பரின் வழக்கிற் தீர்ப்பு வந்தது. பிறவியிலேயே முழங்காலுக்குக் கீழ் கால்களற்ற லீப்பர் 400 மீற்றரை 45 செக்கனுக்குள் ஓடி, 2019இல் அமெரிக்கத் தேசியப் போட்டியில் ஐந்தாமிடம் பெற்றவர். எண்பித்தற் சுமையை வீரர்மீது ஏற்றிய 2015இன் விதி செல்லாது என்று நடுத்தீர்ப்பு மன்றம் கூறியது. ஐந்து ஆண்டுகள் நடைமுறையிலிருந்த விதி அன்றோடு வீழ்ந்தது. லீப்பரும் அன்றே வீழ்ந்தார். சுமையைத் தாமே ஏற்றுக்கொண்டு ஆட்சிமன்றம் அதனை நிறைவேற்றியும்விட்டது என்பதே மன்றத்தின் முடிவு. அவர் அணிந்து ஓடிய கால்கள், சூத்திரம் அனுமதிக்கும் உயரத்திலும் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் அதிகம் என்று கண்டனர். அச்சூத்திரத்துக்கு அடிப்படையான அளவீடுகளில் ஆபிரிக்க வம்சாவளியினர் சேர்க்கப்படவில்லை என்று கறுப்பினத்தவரான லீப்பரின் தரப்பு வாதிட்டது. உடலின் மேற்பகுதிக்கும் கால்களுக்குமுள்ள விகிதம் மக்கட் கூட்டத்துக்குக் கூட்டம் வேறுபடுமாயின், ஒரு கூட்டத்தின் அளவைக்கொண்டு மற்றொரு கூட்டத்தவரின் ‘இயல்பான’ உயரத்தைக் கணிப்பது எவ்வாறு? இனப்பாகுபாடு என்ற அவ்வாதத்தை மன்றம் ஏற்கவில்லை. குறுகிய கால்களுடன் மறு ஆண்டு அவர் மீண்டும் விண்ணப்பித்ததும் பயனளிக்கவில்லை. லீப்பர் ஓடிய காலமெல்லாம், இல்லாத தமது கால்களின் நீளத்தைப் பற்றி விவாதித்தே கழிந்தது.

சட்டம் 2008இன் நெறிக்கு மீண்டுவிட்டது எனலாம். எனினும் அந்நெறியைப் பயன்படுத்தும் வல்லமை எவருக்கு உண்டு? ஆய்வுகூடம், நிபுணர், வழக்கறிஞர், லோசான் வரையிலான பயணம் ஆகியன அனைத்தும் பொருள் வேண்டி நிற்பவை. இவ்வழக்குகளின் நாயகர் தென்னாபிரிக்கா, ஜேர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளின் கம்பனி ஆதரவு பெற்ற வீரராய் இருந்தமை தற்செயலன்று. பல ஆயிரம் டொலர் பெறுமதியான தகட்டுக்காலைக் கண்டிராத நாடுகளின் வீரர்கள் அவ்வழக்குகளில் சாட்சிகளாகக்கூட இடம்பெறவில்லை. செயற்கைக்கால் தரும் அனுகூலம் பற்றிய உலக விவாதம், அக்கால் கிடைத்தவர் பற்றிய விவாதமாகவே இருந்துவந்துள்ளது.

தெற்காசியாவுக்கு வேறொரு கால் உண்டு. 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூரிலே மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கிய இறப்பர்க் கால் அது. வெறுங்காலாய் நடக்கவும், குந்தியிருக்கவும், சம்மணமிடவும், சேற்றில் இறங்கவும் ஏற்றது. விலை மிகக் குறைந்தது. திருச்சிக்கு அண்மையில் நேர்ந்த விபத்தினாற் காலிழந்த சுதா சந்திரன் மீண்டும் பரதநாட்டிய மேடையேறியது இக்காலுடனேயே. இலங்கையிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இக்கால்களைச் செய்யும் நிலையங்கள் போர்க்காலத்திலேயே இயங்கின. கண்ணிவெடியாலும் எறிகணையாலும் காலிழந்தோர் பலர் எழுந்து நடந்தது இவற்றாலேயே. நடப்பதற்கும் வயலில் வேலை செய்வதற்கும் ஏற்ற இக்கால் ஓடுவதற்கென ஆக்கப்பட்டதன்று. சந்தையிலே இரண்டும் ‘செயற்கைக் கால்’ என்றே வழங்கும்.

இவ்வேறுபாடு இலங்கையின் பதக்கப் பட்டியலிலே துலக்கமாகத் தெரிகின்றது. 2012இல் பிரதீப் சஞ்சயவுக்கு 400 மீற்றரில் வெண்கலம். 2016இல் தினேஷ் பிரியந்த ஹேரத்துக்கு ஈட்டியெறிதலில் வெண்கலம். 2021இல் டோக்கியோவிலே அவருக்கே 67.79 மீற்றர் என்னும் உலக சாதனையுடன் தங்கம்; அங்கேயே துலான் கொடித்துவக்குவுக்கு வெண்கலம்; 2024இல் பாரிஸில் அவருக்கு வெள்ளி. முதலிருவரும் கையிற் பாதிப்புற்றவர்கள். துலான் காலிற் பாதிப்புற்றவர். ஆனால் செயற்கைக் கால் அணியாதோருக்கான வகுப்பைச் சேர்ந்தவர். ஆக, 2024 வரை இந்நாட்டுக்குக் கிடைத்த பராலிம்பிக் பதக்கங்கள் ஐந்தும் செயற்கைக் காலின் உதவியின்றி வென்றவை. மூவரும் இராணுவத்தைச் சேர்ந்தவர்கள் என்பதும் கவனத்துக்குரியது. ஸ்ரோக் மன்டெவிலில் 1948இல் வில்லேந்தியோரும் படையினரே. பயிற்சியும் ஓய்வும் சம்பளமும் நிறுவனமொன்றினால் வழங்கப்படும் இடத்திலேயே வலுவிழந்தவர் மைதானத்துக்கு வருகின்றார். அதே போரிற் காலிழந்த விவசாயிக்கும் மீனவருக்கும் அவ்வாறான நிறுவனம் எதுவும் இருக்கவில்லை.

துலான் பங்குபற்றிய ஈட்டியெறிதற் போட்டி, செயற்கைக் கால் அணிந்தோருக்கும் அணியாதோருக்குமென இரு வகுப்புகளையும் ஒன்றுசேர்த்து நடத்தப்பட்டதாகும். டோக்கியோவிலும் பாரிஸிலும் அதிற் தங்கம் வென்றவர் செயற்கைக் கால் அணிந்து எறியும் இந்திய வீரர் சுமித் அன்ரில். ஈட்டியெறிபவர் ஓடிவந்து, காலை ஊன்றி, அவ்வூன்றலின் மேலேயே எறிகின்றார். பாரிஸில் அன்ரில் எறிந்தது 70.59 மீற்றர். துலான் எறிந்தது 67.03 மீற்றர்; செயற்கைக் கால் அணியாத வகுப்புக்கு அது உலக சாதனை. இரு தூரங்களும் ஒரே பட்டியலில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டன.